சின்ன மாப்பிள்ளையின் கைராசி

வாஷிங் மெஷினின் பின்பக்கத்தை முக்கால்வாசிப் பேர் பார்த்ததே இல்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை நானும் பார்த்ததில்லை. சுவரோடு ஒட்டி நிற்கிற ஒன்றின் முதுகை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு அதைக் காட்டியவர் என் சகலை, என் மனைவியின் தங்கை கணவர். மாமனார் வீட்டில் அவர் சின்ன மாப்பிள்ளை, நான் பெரிய மாப்பிள்ளை. 'பெரிய' என்பது வயதை மட்டும் குறிக்கிறது என்பதை அந்த வீட்டில் யாரும் என்னை மறக்க விட்டதில்லை.

எங்கள் மெஷினில் தண்ணீர் நிரம்ப ஒரு மணி நேரம் ஆகத் தொடங்கியது. முனகும், நூல் போல விடும், மறுபடி முனகும். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மனைவி தங்கையைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கருவிப்பெட்டியோடு சகலை வந்தார். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டை, மழித்த முகம். குழாயை மூடி, மெஷினை முன்னால் இழுத்து, ஒயர்களைக் கழற்றும் முன் எது எங்கே என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வு பழுதாகியிருந்தது. புதியதை மாட்டினார். அதன் வாயில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சல்லடை உண்டு. அதை விரலால் அழுத்திப் பொருத்திவிட்டு எனக்கு விளக்கினார்.

"இது இல்லாம மண்ணு உள்ள போச்சுன்னா வால்வு மூடாதுண்ணே. கரண்டையே நிறுத்தினாலும் தண்ணி நிக்காது."

கவனமாகக் கேட்டுக்கொண்டேன். நான் மருந்துக் கிடங்கு ஒன்றின் மேலாளர். ஒருமுறை சொன்னது எனக்கு மறக்காது.

சத்தம் கேட்டு கீழ்வீட்டுக்காரரும் ஏறி வந்திருந்தார். அவர்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். நாற்பத்தெட்டு வீட்டுக்கும் பழுது பார்க்க நிரந்தரமாக ஓர் ஆளை ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவர். நாற்பது நிமிடம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் கமிட்டி கூடும்போது வந்து கையெழுத்துப் போட்டுவிடும்படி சகலையிடம் சொன்னார். சகலை ஈரமே இல்லாத ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலைக்குள் செய்தி மாமனார் வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி பேசிக்கொண்டிருந்த போனில் மாமனாரின் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

"பெரியவருக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு சின்னவரு சொல்லிக் கொடுத்தாராம்மா?"

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை நான் மதிப்பவன். பிறகு அவள், இனி சின்ன மாப்பிள்ளை தினமும் நம் கட்டடத்திலேயே இருப்பார், யானை பலம் என்றாள்.

தினமும் என்ற சொல்லை அன்று இரவு முழுவதும் யோசித்தேன். பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். அது இல்லை. ஒரு நல்ல மனிதரை நாற்பத்தெட்டு வீட்டுக் குழாய்க்கும் கக்கூஸுக்கும் ஓடவிடுவது சரியா என்ற அக்கறைதான்.

வியாழக்கிழமை லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். சனிக்கிழமை மேல்தொட்டி கழுவப்படும், கலங்கல் வரும், மெஷின் குழாய்களை மூடி வைக்கவும். தெளிவான கையெழுத்து.

சனிக்கிழமை மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் குழாயை மூடினேன். மெஷினுக்குத் தண்ணீர் வரும் ட்யூபைக் கழற்றி, மூக்குக் குறடால் சல்லடையை எடுத்தேன். ட்யூபை மாட்டிக் குழாயை மறுபடி திறந்தேன். இரண்டு துண்டுகளைப் போட்டு மெஷினை ஓடவிட்டேன். தொட்டித் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. பதினைந்து நிமிடம் கழித்து சுவிட்சை அணைத்தேன். அவர் சொன்னது சரிதான், தண்ணீர் நிற்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு முடி வெட்டிக்கொள்ளப் போனேன். சல்லடை வழியில் ஒரு சாக்கடையில் விழுந்தது. கடையில் கூட்டம். நான் அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வந்தபோது தண்ணீர் கீழே இறங்கி, செயலாளர் வீட்டுக் கூடத்தின் கூரைப்பலகை ஊறி சோபாமேல் விழுந்து கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா ஐந்து நிமிடம் முன்புதான் பாத்ரூமுக்கு எழுந்து போனாராம். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

செயலாளர் அழைத்து வந்த பிளம்பர் ட்யூபைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார்.

"சல்லடையே இல்ல சார். எந்தப் புண்ணியவான் மாட்டினது?"

சகலை அங்கேதான் நின்றார். செய்தி கேட்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார். "போட்டேனே" என்றார், ஒரே ஒரு தடவை. யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அமைதியில் அவர் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தால் யாராவது யோசித்திருக்கவும் கூடும். நான்தான் அவர் தோளில் கை வைத்தேன்.

"விடுங்க சகலை. ஆனைக்கும் அடி சறுக்கும்."

அவர் தலை குனிந்துகொண்டது. மன்னித்துவிட்டால் அதற்குமேல் ஒரு மனிதன் வாதாட முடியாது என்பதை அன்று கவனித்தேன்.

கமிட்டி அவரைக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து எங்கள் கிடங்கு வாசலில் வண்டி எண் எழுதும் வேலைக்கு அவரைச் சேர்த்துவிட்டேன். நிழலான இடம், நாற்காலி உண்டு. மாமனார் வீட்டில் இப்போது பேச்சு மாறிவிட்டது. பெரிய மாப்பிள்ளை கைவிட மாட்டார் என்கிறார்கள். சகலை மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கிறார். வீட்டைப் பூட்டினால் நான்கு முறை இழுத்துப் பார்க்கிறாராம். பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறாராம். அவர் மூடிய கேஸ் அடுப்பை அவருடைய மனைவி மறுபடி போய்ப் பார்க்கிறாளாம், அவர் கண்ணெதிரிலேயே.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, அந்தச் சல்லடையை அழுத்தினது இன்னும் என் விரல்ல இருக்கு. ஆனா அது அங்க இல்ல. எனக்குப் புத்தி ஏதாவது கலங்கிப் போச்சாண்ணே?"

வயதானால் ஞாபகம் அப்படித்தான் விளையாடும் என்றேன். அவருக்கு நாற்பத்தொன்று. பிறகு அவர், அன்றைக்குத் தன்னை ஒரு வார்த்தை திட்டாதவர் நான் ஒருவன்தான் என்றார். எங்கள் குடும்பத்தில் எனக்கு இப்படி ஒரு நல்ல வார்த்தையை வேறு யாரும் சொன்னதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

உண்மையை அவரிடம் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். அந்த மனிதருக்கு இன்று உலகத்தில் நம்புவதற்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன். அதையும் அவரிடமிருந்து பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.