வட்டத்தில் வாசல் வெட்டும் முறை

பிஸ்கட் மாவை அதிகம் பிசையக் கூடாது; பிசைந்தால் கல்லாகிவிடும். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் இதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே சுவரில் ஒரு பட்டியல் தொங்கும். பால் ஆகாத பிள்ளை, முட்டை ஆகாத பிள்ளை, கடலை ஆகாத பிள்ளை. அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட என் சமையலால் உடம்பில் ஒரு தடிப்பு வந்ததில்லை. ஆகவே கை தவறிவிட்டது என்று என் வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கும் தாளை நீங்கள் ஓரமாக வைத்துவிடலாம், இன்ஸ்பெக்டர். என் கை தவறாது.

கெரென்சா எங்கள் வட்டத்தில் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. கார்ன்வாலில் எங்களைப்போல விக்கா என்ற பழைய சூனிய வழியில் நடப்பவர்கள் அங்கங்கே உண்டு. எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர். நான் தலைவி, என் கணவர் டென்சில் எனக்குத் துணை. கெரென்சாவுக்குப் பகலில் நூலகத்தில் வேலை. மிச்ச நேரத்தில் காதல் நாவல் எழுதுவாள். ஆவி, ஓநாய், முந்நூறு வயதிலும் நரைக்காத கட்டழகன், அந்த மாதிரி. போன வசந்தத்தில் அவள் புத்தகம் வெளிவந்தது. ஒரு சூனியக்காரிமேல் ஒரு மந்திரவாதிக்கு மோகம். ஊரே வாங்கிப் படித்தது. தபால் அலுவலகத்தில் முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

நான் அதைக் கையில் பென்சிலோடு படித்தேன். அந்தக் கதையில் பதினொரு இரவு தொடர்ந்து பௌர்ணமி. பூசைக்கு நாங்கள் தரையில் சுண்ணாம்பால், சூரியன் போகும் திசையில் வட்டம் போடுவோம். அவளுடைய கதாநாயகி எதிர்த்திசையில் சுற்றுகிறாள். காதலனை 'என் வார்லாக்' என்று கொஞ்சுகிறாள். எங்களுக்குள் அந்தச் சொல்லுக்குச் சத்தியம் மீறியவன் என்று பொருள். யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் முகத்தில் அறைவார்கள். எல்லாவற்றையும்விட மோசம் பதினாலாம் அத்தியாயம். அங்கே அவள் கோபித்துக்கொண்டு, முடி பறக்க, வட்டத்தின் கோட்டைத் தாண்டி ஓடுகிறாள். ஒன்றும் ஆவதில்லை. வட்டம் போட்ட பிறகு யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. வெளியே போக வேண்டுமானால் தலைவி கறுப்புப் பிடிக் கத்தியால் காற்றில் ஒரு வாசல் வெட்டிவிட வேண்டும். சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது இது.

அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, முப்பத்தெட்டுப் பிழைகளையும் வாசித்துக் காட்டினேன். அழுதாள்.

"கதைதானே அக்கா. படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் பரபரப்பு வேணும்ல."

"கோட்டைத் தாண்டி ஓடுறதுதான் பரபரப்பா? நாளைக்கு நீயும் ஓடுவே."

"நான் ஓடமாட்டேன்க்கா. சத்தியம். என்ன ஆனாலும் நீங்க வாசல் வெட்டாம ஒரு அடி எடுத்து வெக்கமாட்டேன். போதுமா?"

போதும் என்றேன். இன்னொன்றும் கேட்டேன். அவள் கதையில் பூசைக்குப் பாதாமும் தேனும் போட்டுப் பிஸ்கட் செய்கிறார்கள். நாங்கள் எப்போதும் ஓட்ஸில்தான் செய்வது.

"நான் பாதாமை ருசிச்சதே இல்லைக்கா" என்றாள். "ரெண்டு வயசுல ஒரே ஒரு தடவை வாயில வெச்சேனாம், அப்படியே ஆஸ்பத்திரி. எழுதுற கதையிலயாச்சும் ஒருத்தி திங்கட்டுமேன்னு விட்டேன். எப்படித்தான் இருக்கும் அது?"

"வாசனையா இருக்கும்" என்றேன்.

ஆகஸ்ட் முதல் தேதி லாமாஸ். புதுக்கோதுமையின் பண்டிகை. பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கொட்டகையில் கூடினோம். வெளிப் பொருள் எதுவும் வட்டத்துக்குள் வரக் கூடாது என்பதால் பைகள் எல்லாம் கதவோரத்து ஆணிகளில் தொங்கும். அவளுடைய அலர்ஜி ஊசி பச்சைத் துணிப்பையில் இருந்தது. கோட்டிலிருந்து நாலு எட்டு இருக்கும். காலையில் அவள் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருந்தபடியே பிஸ்கட் சுட்டிருந்தேன். நாக்கில் நெருடாதிருக்கப் பாதாமை இரண்டு முறை அரைத்தேன். மாவை அதிகம் பிசையவில்லை.

வட்டம் போட்டு, பூசை முடிந்து தட்டைச் சுற்றி அனுப்பினேன். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கு என்னக்கா புது ருசியா இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு உதடு வீங்கியது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கோட்டருகே போய் நின்றாள். பையை நோக்கிக் கையை நீட்டியபடி, கால் கட்டைவிரல் சுண்ணாம்பில் படாமல் நின்றாள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கத்தியை எடுத்தேன். வாசல் வெட்டுவது வடகிழக்கில். நான் தெற்கில் இருந்தேன். குறுக்கே போகக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். வழியில் உள்ள திசைகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போனேன். கீழிருந்து மேலாக முதல் கீறல் போட்டேன். இரண்டாவது கீறலில் ஒரு சொல் பிசகியது. பிசகினால் மறுபடி தெற்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தேன்.

அவள் காத்திருந்தாள். மூச்சு இழுக்கும் சத்தம் விசில் மாதிரி வந்தது; பிறகு முழங்கால் மடிந்தது. அப்போதும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுந்தாள். என் ஆட்களில் யாரும் கொடுத்த வாக்கை அவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

டென்சில்தான் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடி, பையைக் கிழித்து, ஊசியை அவள் தொடையில் குத்தினார். மருந்து உள்ளே போயிற்று. போயும் பயனில்லை. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது.

"ஒரு புத்தகத்துல தப்பா எழுதிட்டான்னு யாராச்சும் கொலை பண்ணுவாங்களாம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நான் அவ்வளவு அற்பமானவள் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். அந்த மந்திரவாதிக்கு இடது இடுப்புக்குக் கீழே, அவரை விதை அளவில் ஒரு மச்சம். கதாநாயகி அதில் முத்தமிடுகிறாள். என் டென்சிலுக்கு அதே இடத்தில் அதே மச்சம். கட்டிக்கொண்டு முப்பத்துநாலு வருடம் ஆகிறது. கால்சட்டை மறைக்கும் அந்த இடம் பெண்டாட்டியைத் தவிர யாருக்குத் தெரியும்? அவளைத் தொட்டதே இல்லை என்று டென்சில் சத்தியம் செய்கிறார். அவளுக்காக வட்டத்தையே மிதித்தவரின் சத்தியத்தை நான் எப்படி நம்புவது? அதனால்தான் செய்தேன். யோசித்துத்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வட்டத்தில் நிற்கும்போது என்ன உடுத்தியிருப்பீர்கள் என்று கேட்கிறீர்கள். எதுவும் உடுத்த மாட்டோம். ஒன்பது பேரும் பிறந்த மேனியாக நிற்பதுதான் முறை. ஆமாம், டென்சிலும்தான். ஆமாம், நாலு வருடமாக, ஒவ்வொரு பௌர்ணமிக்கும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களைப்போல வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. வட்டத்துக்குள் யாரும் யாருடைய உடம்பையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்பது விதி. கெரென்சா பார்த்திருக்கவே மாட்டாள், இன்ஸ்பெக்டர். ஒரு விதியைக்கூட மீறாத பெண் அவள்.