வளைவுக் கருப்பும் பேயாண்டி மீசையும்

...அதத்தாண்ணே நானும் கேக்குறேன். பந்தயம் நடக்குற கண்மாய்க்குள்ள சாமி வந்து நின்னா கார் ஓட்டுறவன் என்னதான் செய்வான்? இருக்குறது ரெண்டு கை. ஒண்ணு ஸ்டேரிங்கப் பிடிக்கணும், இல்ல கும்பிடணும்... கத்திய கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. மீசைக்கு இப்ப வர வேணாம். மொதல்ல கன்னத்த முடிங்க. ஆமா, மீசைய எடுக்கத்தான் வந்தேன். வேணாம்னா சொன்னேன்? பையப் பைய எடுப்போம்னு சொல்றேன். முப்பத்தஞ்சு வருசமா வளத்ததுண்ணே.

என்ன பாக்குறீக? வயசுல சின்னவர அண்ணேங்குறானேன்னா? கழுத்துகிட்ட கத்தி வச்சிருக்கவரு யாரா இருந்தாலும் எனக்கு அண்ணந்தான்.

பேரையூர்ல சலூன் இல்லையா, கே.கே. நகர் வரைக்கும் பஸ் ஏறி வந்துருக்கியேன்னு நீங்க கேக்கணும்ல? கேக்க மாட்டேங்குறீக. சரி, நானே சொல்றேன். அங்க எடுத்தா இந்தப் பேயாண்டி மீசை போறத ஊரே கூடி நின்னு வேடிக்க பாக்கும். என் மச்சினன் காசிமாயன் முன்னால நாக்காலி போட்டு உக்காந்துருவான். என் பொஞ்சாதி பாண்டியம்மா கூடப் பொறந்தவன். அவங்கிட்டப் போயி மீசைய வச்சுப் பந்தயம் கட்டிருக்கேன் பாருங்க, அது எந்த நேரத்துப் புத்தியோ.

கார்ப் பந்தயம்ணே. மாட்டு வண்டி இல்ல, காரு. சிரிக்காதீக, கத்தி ஆடுது. எங்க பக்கம் பருத்தி யாவாரிக, ஒரு டாக்டரு, மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியாரு ஞானம், இப்படி எட்டுப் பேரு சேந்து கிளப்பு வச்சிருக்கோம். எட்டுப் பேரு கிட்டயும் பழைய ஹெரால்டு. வேற காரச் சேக்குறதில்ல. அந்தக் காருக்கு போல்ட்டக் கழட்டுனா கூரை தனியா வந்துரும். கூரைய வீட்ல வச்சுட்டு வந்தா அது ஸ்போர்ட்ஸ் காரு. இஞ்சின்ல யாரும் கள்ளத்தனம் பண்ணப்படாதுன்னு பானட்டுல அரக்கு வச்சு முத்திர குத்திருவாக. வண்டி ஒண்ணு போலத்தான், ஓட்டுறவந்தான் வேற. பங்குனியில கண்மாய் காஞ்சதும் ஆரம்பிச்சு ஆடிக்குள்ள அஞ்சு ரவுண்டு. அஞ்சுல எவன் அதிகம் ஜெயிக்கிறானோ அவனுக்குக் கப்பு. கப்புன்னா என்ன, அதுல காப்பி ஊத்தக் கூட முடியாது, அடியில ஓட்டை. நாலு வருசமா அது காசிமாயன் வீட்லதான் இருக்கு.

போன தையில ஒரு காதுகுத்து விருந்து. எல நிறையக் கறி. எதுக்கால காசிமாயன். "மச்சான், ஒங்ககிட்ட மீசை இருக்கு, வேகந்தான் இல்ல"ங்குறான். பந்தியே சிரிக்குது. "மாப்ள, இந்த வருசம் கப்பு எனக்கு. இல்லைன்னா மீசைய எடுத்துட்டு ஒன் முன்னால வந்து நிக்கிறேன்"னுட்டேன். கையக் கழுவுனப்பறந்தான் என்ன சொன்னேன்னே ஒறச்சுச்சு.

மொத ரவுண்டுல அவன் மொதலு, நான் நாலாவது. என்னான்னா, கரையோரம் ஒரு வளைவு இருக்கு. அவனுக எல்லாம் அதுல பறக்குறானுக. எனக்கு மட்டும் அங்கன காலு தானா பிரேக்குக்குப் போயிருது. வயசு அம்பத்திநாலு. நானும் ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன், பேயாண்டி, இது பயமா, அறிவான்னு. இன்னமும் தெரியலண்ணே.

ரெண்டாவது ரவுண்டுக்குப் போறோம், அந்த வளைவுல ஒரு சாமி நிக்குது. கல்லு. கறுப்புத் துணி, சந்தனம், பக்கத்துல ஒரு அருவா. எப்ப வந்துச்சு, யாரு வச்சான்னு ஒருத்தனுக்கும் தெரியல. வளைவுக் கருப்புன்னு பேரும் அன்னைக்கே வச்சுட்டாக. பாண்டி கோயிலத் தாண்டுற லாரிக்காரன் ஆரன் அடிச்சுக் கும்பிடாமப் போவானா? அதே மாதிரி ஏழு காரும் வளைவு வந்தா மெதுவாகுது. ஆரன் அடிக்கிறானுக, கும்பிடுறானுக, அப்பறம் கியரப் போடுறானுக. ஞானம் வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. அவரு கும்பிடல, ஆனா முன்னால போறவன் நின்னா அவரும் நிக்கணும்ல.

நானா? நான் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன். ரெண்டாவது ரவுண்டும் எனக்கு, மூணாவதும் எனக்கு. காசிமாயன் மொகத்தப் பாக்கணுமே.

அதோட விட்டுச்சா? நாலாவது ரவுண்டுக்குள்ள கொட்டகை போட்டு மணி கட்டிட்டாக. ஆடு மேச்சுக்கிட்டு இருந்த விருமாண்டி பூசாரியாயிட்டான். வளைவுல நின்னுக்கிட்டு ஓடுற காருக்குள்ள விபூதிய வீசுறான். எங்க வண்டிக்குக் கூரை கெடையாது, சொன்னேன்ல? நேரா என் கண்ணுல அடிச்சான். கண்ணத் தொறந்து பாக்குறேன், காரு கரை மேல நிக்குது. அந்த ரவுண்டு காசிமாயனுக்கு. ரெண்டு பேரும் சரிக்குச் சமம். இனி அஞ்சாவதுல எவன் ஜெயிக்கிறானோ அவனுக்குக் கப்பு.

இதுல என் பொஞ்சாதி வேற. எங்க வீட்டு ஆட்டுரல் குழவி காணாமப் போச்சு. அவ அப்பன் சீதனமாக் குடுத்தது. மூணு மாசமா அடுத்த வீட்ல மாவாட்டிக்கிட்டு, வெள்ளிக்கெழமை தவறாம வளைவுக் கருப்பு முன்னால போயி நிக்கிறா. "சாமி, என் குழவி எங்கிட்டு இருந்தாலும் என் கண்ணுல காட்டு"ன்னு அழுகுறா. நான் பக்கத்துலயே நிக்கிறேன். என்னத்தச் சொல்ல? ஊரு சந்தேகப்படக் கூடாதுல்ல, அதனால நானுந்தான் தெனம் போயி விழுந்து கும்பிட்டேன். மணி அடிச்சா மொதக் கை என் கைதான்.

கன்னம் முடிஞ்சிருச்சா? இன்னொருக்க சோப்பு போடுங்க. கை வச்சா சொரசொரங்குதே.

அஞ்சாவது ரவுண்டு, கடைசிச் சுத்து. நான்தாண்ணே முன்னால. காசிமாயன் பின்னால ஒரு பனமர நீளத்துல வாரான். வளைவு வந்துருச்சு. வாழ்க்கையில மொத தடவையா என் காலு பிரேக்குக்குப் போகல. போகவே இல்லண்ணே. பறக்குறேன். அந்தச் சமயம் பாத்து விருமாண்டி சூடத்தக் கொளுத்தி மணிய அடிச்சான் பாருங்க. என் ரெண்டு கையும் தலைக்கு மேல. நான் தூக்கல, அதாத் தூக்கிருச்சு. காரு நேரா கருவேல முள்ளுக்குள்ள போயி நின்னுச்சு. நான் உள்ள உக்காந்து கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

காசிமாயன் கையெடுக்கவே இல்ல. சல்லுன்னு போயிட்டான். எறங்கிப் போயிக் கேட்டேன், ஏண்டா சாமிய மதிக்காமப் போனேன்னு. அவன் சொல்றான், "மச்சான், நேத்தே பூக் கேட்டேன். வெள்ளப் பூ வந்துச்சு. ஓட்டும்போது கும்பிட வேணாம், முடிச்சுட்டு வந்து கும்பிடுன்னு உத்தரவு."

ஒழுங்கா உத்தரவு வாங்கிருக்கான். எனக்கு அது தோணலையே. தோணுமா? எங்க வீட்டுக் கல்லுகிட்ட நானே போயி...

ஆமா. எங்க வீட்டுக் கல்லுதான். வெளிய சொல்லாதீக. நான்தான் நட்டேன். மொத ரவுண்டு தோத்த மறுநா, பாண்டியம்மா எழவு கேக்கப் போயிருந்தா. மட்ட மத்தியானம், கண்மாய்ல ஒரு குருவி இல்ல. குழவியச் சாக்குல சுத்திக் கொண்டு போயி நட்டு, சந்தனத்தப் பூசி, கறுப்புத் துணியும் அருவாவும் வச்சுட்டு வந்துட்டேன். என்னால வேகமாப் போக முடியாது, அவனுக மெதுவாப் போனா என்னன்னு நெனச்சேன். வேற கெட்ட எண்ணம் இல்லண்ணே. இப்ப யோசிச்சா, அது காசிமாயன் அப்பன் வீட்டுக் கல்லு. பொறந்த வீட்டுப் பக்கந்தான சாயும்? அதக் குத்தஞ் சொல்லி என்ன செய்ய.

என்ன, கத்தி நின்னுபோச்சு? அண்ணே, எங்க பாக்குறீக? கண்ணாடியில எனக்கும் தெரியுதே... பின்னால சுவத்துல, திருப்பரங்குன்றம் முருகனுக்குப் பக்கத்துல, மால போட்ட அந்தப் படம்... கறுப்புத் துணி, அருவா... அது எங்க...

நீங்க எப்ப அங்க வந்தீக?

வீட்ல கூட்டிக்கிட்டா? ஒம்போது வருசமாவா கொழந்த இல்லாம இருந்துச்சு? இப்ப... எத்தன மாசம்?

மூணுங்குறீகளா.

கத்திய அப்படியே வச்சுக்கங்கண்ணே, ஆட்டாதீக. நான் சொன்னத எல்லாம் விட்டுருங்க. தோத்தவன் என்னத்தையாவது ஒளறுவான். நான் நட்டேன்னா சொன்னேன்? சாக்கத் தூக்குனது என் கை. அந்தக் கைய யாரு தூக்க வச்சா? கடைசிச் சுத்துல தூக்குன அதே ஆளா இருக்கும். நான் சொல்றது பொய்யோ நெசமோ, எனக்கே இப்பப் பிடிபடல. வீட்ல நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும். மொத முடி அங்கதான எறக்குவீக? எறக்குங்க. நானும் வாரேன்.

ம். இப்ப மீசைக்கு வாங்க. எடுங்க, தயங்காதீக. கீழ சிந்திராம அந்தப் பேப்பர்ல மடிச்சுக் குடுங்க. வளைவுக் கருப்புக்கு முடி காணிக்கை. காசிமாயன் கேட்டா அதத்தான் சொல்லுவேன், பந்தயத்துல போகல, சாமிக்குக் குடுத்தேன்னு. அவனும் கன்னத்துல போட்டுக்குவான், பாத்துக்கிட்டே இருங்க.

அப்பறம் அண்ணே, மேல் ஒதட்ட முடிச்சதும் ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பக்கம் ஆட்டுரலுக்குக் குழவி மட்டும் தனியா எங்கிட்டு விக்கிறாக? பழசு மாதிரி இருக்கணும். பாண்டியம்மா வேண்டுதலும் பலிக்கணும்ல.