இருபத்தாறாம் எண் கிளிப்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் கீழ்பென்னாத்தூர்ப் பள்ளித் தலைமையாசிரியை ஜோதியம்மாள் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலையைப் போட்டுவிட்டு வேங்கிக்கால் வரை வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகாதேவனின் துணைவியார் சகோதரி சரசு அவர்களே, அவர்கள் மகள் மணிமொழியே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நமது மாதிரி விமான மன்றம் தொடங்கிய தொண்ணூற்றொன்றிலிருந்து, இந்தப் பதின்மூன்று ஆண்டுகளாக நான்தான் செயலாளர். மைக்கைப் பிடித்தால் முருகையன் விடமாட்டான் என்று நீங்கள் கேலி பேசுவது எனக்குத் தெரியும். மாலை போட்ட அந்தப் படத்தில் ரேடியோ வைத்தியர் சகாதேவன் சிரிக்கிறார். அவர் சட்டைப் பையைப் பாருங்கள். துணி காயப்போடும் கிளிப் ஒன்று மாட்டியிருக்கிறது!

அது என்ன கிளிப்? நம் மைதானத்துப் பலகையில் ஒவ்வொரு அலைவரிசை எண்ணுக்கும் ஒரே ஒரு கிளிப்தான் இருக்கும். தரையில் நின்று விமானத்தை ஓட்டும் டிரான்ஸ்மிட்டர் பெட்டிகள் இரண்டை ஒரே எண்ணில் ஆன் செய்தால் மேலே இருக்கும் விமானம் யார் சொல்வதையும் கேட்காது, தலைகுப்புற விழும். ஆகவே கிளிப் எவர் சட்டையில் இருக்கிறதோ, அவர்தான் பெட்டியை ஆன் செய்யலாம். இந்த விதியை எழுதியவன் நான். கிளிப் எடுக்காதவர்களை நாலு பேர் எதிரில் வைத்துத் திட்டியவனும் நான்தான்.

விழுந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு நாம் யாரிடம் ஓடினோம்? தேரடித் தெருவில் இருந்த அந்தச் சின்ன ரேடியோ கடைக்குத்தானே ஓடினோம்! திருமலையின் டிரான்ஸ்மிட்டர் ஏரித் தண்ணீரில் விழுந்தது. அதைப் பிரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, டேபிள் ஃபேன் முன்னால் இரண்டு நாள் காயவைத்து உயிர் கொடுத்தார் சகாதேவன். நம் நண்பர் சக்கரவர்த்தி தன் ஏரியலை ஜீப் கதவில் நசுக்கினார். வேறொன்றை அளந்து பொருத்தினார் சகாதேவன். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராத நாளில், பழுதுபார்த்த இறக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வேங்கிக்கால் வந்தாரே, மறக்க முடியுமா? எந்த விமானம் விழுந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "யாருக்காச்சும் அடி பட்டுச்சாங்க?" விமானத்தை அதற்குப் பிறகுதான் பார்ப்பார்.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது புகழுரை அல்ல.

தொண்ணூற்றேழு, குடியரசு தினம். ஜோதியம்மாள் அவர்களின் பள்ளி மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. சகாதேவன் ஒரு வருடம் உட்கார்ந்து செய்த மஞ்சள் விமானம் மேலே வட்டமடித்தது. அவருடைய எண் இருபத்தாறு. கிளிப் அவர் சட்டையில் இருந்தது. திடீரென்று விமானம் திணறி, சுவருக்கு அப்பால் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே போய்க் குத்தியது. உள்ளே இருந்த ரிசீவர் நொறுங்கிப்போயிற்று, காரணத்தைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. சகாதேவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "என் தப்புதாங்க. உள்ள ஒயரு லூசா இருந்துச்சு. சரியா பாக்காம உட்டுட்டேன்."

செயலாளர் என்ன செய்தார்? மினிட் புத்தகத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். விதிப்படி மூன்று மாதம் சகாதேவனை விலக்கி வைத்தார். அந்த மூன்று மாதமும் நம் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து நம் பெட்டிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தாரே அந்த மனிதர்! தன் ஒயரையே பார்க்காதவர் நம் டி.வி.யை என்ன பார்ப்பார் என்று ஊரில் பேசினார்கள். பலர் வேறு கடைக்குப் போனார்கள்.

ஒயர் லூசாக இல்லை. அன்று நான் மைதானத்து ஓரத்தில் நின்ற வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த என் பெட்டியில் பேட்டரி முள் எழுகிறதா என்று பார்க்க ஆசை. ஏரியலை ஜன்னல் வழியாக நீட்டி ஆன் செய்தேன். பத்து நொடிகூட இருக்காது. என் எண்ணும் இருபத்தாறு. விதியை எழுதியவன் கிளிப் எடுக்கவில்லை!

வெளியே ஐயோ என்று சத்தம் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏழு வருடம் திறக்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தார். "தெரியுங்க. வேன் ஜன்னல்ல உங்க ஏரியல் பளபளன்னு நீட்டிக்கினு இருந்துச்சே."

"அப்போ ஏன்யா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க வெக்கப்பட்டுக்கினு வராமலே இருந்துடுவீங்க. அப்பறம் கலெக்டர் ஆபீசுல யாரு அலையறது, பர்மிஷன் யாரு வாங்கறது? எனக்கு லெட்டர் எழுதவா வரும்?" பிறகு சொன்னார்: "சரசுகிட்ட மட்டும் சொல்லிடுங்க. நான் ஒயர மாட்டாம உட்டுட்டேன்னே அவ நெனச்சிக்கினு இருக்கா."

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். சரசம்மா காபி கொடுத்தார். குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட கோழை நான்!

ஜோதியம்மாள் அவர்களே, மினிட் புத்தகம் உங்கள் எதிரில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அடித்து என் பெயரை எழுதுங்கள். இன்று முதல் மூன்று மாதம் கயிற்றுக்கு வெளியே நான் உட்காருவேன். சகாதேவனின் மேசையையும் சால்டரிங் அயர்னையும் மணிமொழி நம் மன்றத்துக்குத் தந்திருக்கிறாள். எனக்கு ஒரு ஒயரை ஒட்டத் தெரியாது. கையைச் சுட்டுக்கொண்டாவது கற்றுக்கொள்வேன். இனி நொறுங்கி வரும் எந்தப் பெட்டியும் திரும்பிப் போகாது, இது அவர் படத்தின் முன் நான் தரும் வாக்கு. கொண்டுவருகிறவரிடம் முதலில் யாருக்காவது அடிபட்டதா என்று கேட்பேன்.

சரசம்மா, இந்த ஏழு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை அழைத்துப் போக ஸ்கூட்டரோடு உங்கள் வாசலில் நிற்பேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் உள்ளேயிருந்து கேட்பீர்கள்: "இன்னிக்காச்சும் ஒயர ஒழுங்கா மாட்டினீங்களா?" அவரும் சிரித்துக்கொண்டே, "மாட்டிட்டேன் சரசு" என்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கும் மாட்டியிருந்தாரம்மா. எல்லா ஒயரையும் சரியாகத்தான் மாட்டியிருந்தார்.