பத்தொம்பது ஓட்டு வாங்கித் தோத்தவன்

...அது தப்புங்க தம்பி. நெம்பப் பெரிய தப்பு. அமெரிக்காவுல சனாதிபதியச் சனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்கன்னு நீங்க மட்டுமில்லீங்க, ஒலகத்துல பாதிப்பேரு நம்பிட்டு இருக்கறாங்க. இந்த ஒரு மூடநம்பிக்கையால சீரழிஞ்ச குடும்பம் எத்தனையோ இருக்குதுங்க. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு. எங்க குடும்பம். தண்ணி இல்லாமப் போச்சுங்க.

சிரிக்கறீங்க. சிரிங்க. பர்லியார்ல இருந்து வந்தவங்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். அங்க பாறையத் தொட்டாத் தண்ணி. இங்க ஊட்டில, காந்தல்ல, அஞ்சு நாளைக்கு ஒருக்கா, காலைல ஆறுல இருந்து எட்டு மணி வரைக்கும், இந்த ஒரே கொளாய்ல வருமுங்க. ஊடு இருவத்தேழு.

கொடத்தைத் தூக்காதீங்க, இருங்க. உங்க மேல்வரிசைக்கு ஆறரை வரைக்கும் நேரமிருக்குது. அஞ்சே ஊடுதானுங்க உங்க வரிசைல. தண்ணி எங்க ஓடிப்போவுது? நானு நல்லசாமி. கீழ்வரிசைல கடைசி ஊடு. எஸ்டேட் ஆபீஸ்ல முப்பத்தொரு வருசம் பெரிய கிளார்க்கு. மூவாயிரம் லீவு லெட்டர் படிச்சிருக்கறன், அதுல எழுநூறு பேரோட அப்பிச்சி ரெண்டு தடவை செத்திருக்கறாரு. மனுசனோட பொய்யி எனக்கு அத்துப்படிங்க. ஆனா கணக்கு நம்மளை ஏமாத்தும்னு இந்தத் தை மாசந்தான் தெரிஞ்சுது.

எங்க தண்ணிச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். ஊட்டுக்கு ஒரு ஓட்டு. எனக்குப் பத்தொம்பது ஊடு போட்டுது. பாலாமணிக்கு எட்டு. யாரு தலைவர்? அதா, கொளாய்கிட்ட பச்சைச் சொட்டரு போட்டுக்கிட்டுக் கைக்கடியாரத்தையே பாத்துட்டு நிக்கறாங்க பாருங்க. அவங்க.

எப்படீன்னு கேக்கறீங்க. சொல்றனுங்க. முறையாச் சொல்லோணும். அதுக்கு மொதல்ல, காந்தல்ல இருக்கறவனுக்கு அமெரிக்கத் தேர்தல் எதுக்குங்கற கேள்விக்கு வரோணும்.

மரகதம் டீச்சர் சொல்றாங்க, நம்ம தேயிலை வெலைக்காகப் பாக்கறோமாம். அமெரிக்காக்காரன் குடிக்கறது காப்பிங்க. தப்பித் தவறி டீ குடிச்சாலும் ஐஸ் போட்டுக் குடிக்கறான். அவங்கிட்டப் போயி நம்ம தேயிலை என்னத்தைங்க எதிர்பாக்கறது? முடிவெட்டற முத்துவேலு சொல்றான், அணுகுண்டுக்காகப் பாக்கறோம், அந்தாளு ஒரு பொத்தானை அமுத்துனா நாம காலின்னு. நானு சொன்னன், டேய், இந்தப் பனிமூட்டத்துல ஊட்டிக்குக் குறி வெச்சா அது கோத்தகிரிலதாண்டா விழுவும், நீ தைரியமாக் கத்திரியப் புடின்னு.

உண்மைக் காரணம் வேறைங்க. அந்தத் தேர்தல்ல நமக்கு ஓட்டு இல்ல. அதுதான் காரணம். நம்மூருத் தேர்தல்ல வாயத் தெறக்க முடியுங்களா? எங்க மச்சான் ஒரு கட்சி. வாடகைக்கு விட்டவரு ஒரு கட்சி. டீக்கடை அழகர்சாமி மூணாவது கட்சி. நானு யாருக்குப் போடறன்னு எங்க ஊட்ல சுகந்திக்கே தெரியாது. அவ யாருக்குப் போடறான்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் குடும்பம் ஓடிட்டு இருக்குதுங்க.

ஆனா அமெரிக்காவுல விஸ்கான்சின்ங்கற மாநிலம் யாருக்குன்னு எவ்வளவு சத்தம் வேணாலும் போடலாம். ரெண்டாயிரத்து இருவத்தினாலு நவம்பர்ல, புதங்கெழமை காலைல, அழகர்சாமி கடைல டிவி ஓடுது. விஸ்கான்சினுக்காக முத்துவேலும் அழகர்சாமியும் சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு டம்ளர் ஒடைஞ்சுது. ரெண்டு பேருமே அந்த ஊரு எந்தப் பக்கம்னு காட்டச் சொன்னாத் தொட்டபெட்டா மலையக் காட்டுவாங்க. அடுத்த நாளு அதே கடைல முத்துவேலு டீ குடிக்கறான், அழகர்சாமி சக்கரை எச்சாப் போட்டுக் குடுக்கறான். இதே நம்ம வார்டுத் தேர்தலா இருந்தா ரெண்டு தலைமொறைக்குப் பொண்ணு குடுக்கல் வாங்கல் நின்னிருக்கும். பகைய அனுப்பி வெக்கறதுக்கு மனுசனுக்கு ஒரு தூர தேசம் வேணுமுங்க. அமெரிக்கா நல்ல தூரம்.

எங்க பாக்கறீங்க? உங்க வரிசை ஆயம்மா இப்பத்தான் ரெண்டாவது கொடம் புடிக்கறாங்க. உங்களுக்கு முன்னால மூணு ஊடு இருக்குது. சித்தெ இருங்க.

இப்ப முறைக்கு வர்றன். அங்க அம்பது மாநிலம். சனத்தொகைக்குத் தக்கபடி மாநிலத்துக்கு இத்தனைன்னு புள்ளி. சரியாச் சொல்லோணும்னாப் புள்ளி இல்ல, வாக்காளர் குழு உறுப்பினர். உங்களுக்காகப் புள்ளின்னு சொல்றன். அதுக்கு மேல, சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ, மாநிலத்துக்கு ரெண்டு புள்ளி எச்சா உண்டு. ஒரு மாநிலத்துல ஒரே ஒரு ஓட்டு எச்சு வாங்குனாலும் அந்த மாநிலத்துப் புள்ளி அத்தனையும் உங்களுக்கே. மெயினும் நெப்ராஸ்காவும் மட்டும் வேற மாதிரி, அதை நிதானமா ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வந்து சொல்றனுங்க. வேண்டாமா? செரி. மொத்தம் ஐநூத்து முப்பத்தெட்டுப் புள்ளி, எரநூத்தி எழுவது எடுத்தாச் சனாதிபதி. நாடு பூராவும் எச்சா ஓட்டு வாங்கியும் தோத்துப் போனது அவங்க சரித்திரத்துல அஞ்சு தடவை. ஆறாவது தடவை காந்தல்லதானுங்க.

இங்க முன்னால கை தூக்கற முறைதான். வருசா வருசம் தை மாசம் கோயில் வாசல்ல கூடுவோம். யாரு தூக்குனா, யாரு தூக்கலைன்னு சந்தே பாக்கும். அப்பறம் வருசம் பூராவும் முறைச்சுக்கிட்டுத் திரிவோம். கோயில் வரிசைக் கருப்பம்மா வம்பே வேண்டாம்னு எல்லாருக்கும் கை தூக்கிருவாங்க. இதை நாகரிகமா மாத்தலாம்னு, படிச்சவரு ஒருத்தரு, விசயம் தெரிஞ்சவரு, ஒரு யோசனை சொன்னாரு. ஒவ்வொரு வரிசையும் ஒரு மாநிலம். எத்தனை ஊடோ அத்தனை புள்ளி. அதுக்கு மேல வரிசைக்கு ரெண்டு.

கீழ்வரிசை, நானு இருக்கறது, பதினாலு ஊடு. ரெண்டு சேத்துப் பதினாறு புள்ளி. நடுவரிசை அஞ்சு ஊடு, ஏழு புள்ளி. உங்க மேல்வரிசையும் அஞ்சு ஊடு, ஏழு புள்ளி. கோயில் வரிசை மூணே ஊடு, அஞ்சு புள்ளி. வெளங்குதுங்களா? நாலு வரிசைக்கு நாலு பிஸ்கட் டப்பா வெச்சு, ரகசியமாச் சீட்டுப் போட்டாச்சு.

யாரு அந்தப் படிச்சவருன்னா... அது இப்ப எதுக்குங்க தம்பி. பேரா முக்கியம்.

உங்க பக்கத்தூட்டு மனோகரன் டப்பாவ ஒடைச்சுப் படிச்சாரு. கீழ்வரிசைல பதினாலுக்குப் பதினாலும் எனக்கு. ஒரு ஓட்டு செதறலீங்க. நடுவரிசைல பாலாமணிக்கு மூணு, எனக்கு ரெண்டு. மேல்வரிசைலயும் அதே மூணு, ரெண்டு. கோயில் வரிசைல அவங்களுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. கூட்டிப் பாருங்க. எனக்கு ஓட்டு பத்தொம்பது, புள்ளி பதினாறு. அவங்களுக்கு ஓட்டு எட்டு, புள்ளி பத்தொம்பது. சந்துல பாதிப்பேருக்குப் புரியலை. கைதட்டலாமா வேண்டாமான்னு என்னைப் பாக்கறாங்க. வெளக்கிச் சொல்றதுக்கு என்னைத் தவிர ஆளில்ல. நானு தோத்துப் போனன்னு நானே முக்கா மணி நேரம் நின்னு வெளக்கினனுங்க.

அந்த ரெண்டு ரெண்டு புள்ளி மட்டும் இல்லைன்னு வெச்சுக்குங்க. எனக்குப் பதினாலு, அவங்களுக்குப் பதிமூணு. நானு தலைவர். அழகர்சாமி அப்பவே சொன்னான், “அண்ணா, அந்த ரெண்டு எதுக்குங்ணா, ஊடு கணக்கு மட்டும் போதுமே”ன்னு. அவனை ஒக்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசினன். அரைகுறையா எடுத்தா அது அமெரிக்கா இல்லடா, சட்டம்னா முழுசா இருக்கோணும்னு...

ஆமாங்க. நானுதான். நானுதான் அந்தப் படிச்சவரு. அன்னிக்கு ஊட்டுக்குள்ள காலெடுத்து வெச்சதும் சுகந்தி ஒரே கேள்விதான் கேட்டா. “அந்த ரெண்டை உங்ககிட்ட யாரு கேட்டாங்க?”

சின்ன வரிசைங்க ஏன் எனக்குப் போடலைன்னு கேப்பீங்க. பாலாமணி அங்கன்வாடில வேலை பாத்தவங்க. பேச்சு வராது. அமெரிக்கா பத்தி ஒண்ணும் தெரியாது. நானு பதினஞ்சு நாள் கீழ்வரிசைல ஊடு ஊடாப் போனன். அங்க வாசலுக்கு வாசல் டீ குடுத்து ஒக்கார வெப்பாங்க, நாம பேசறதுக்குத் தலையாட்டுவாங்க. சின்ன வரிசைங்களுக்கு ஒரு நாளு போனன். பென்சில்வேனியா படத்தைக் கலர் பென்சில்ல வரைஞ்சு கொண்டுட்டுப் போயி, கோட்டை எங்க புடிக்கோணும்னு காட்டினன். அந்த மனோகரன் கேட்டாரு, “ஏனுங்க, நம்ம கொளாய் ஒழுவுது, வாஷர் மாத்தித் தருவீங்களா?” வாஷர் சின்ன விசயமுங்க, மொதல்ல செனட் சபையப் புரிஞ்சுக்குங்கன்னேன். பாலாமணி வாஷரோட வந்துட்டுப் போனாங்களாம்.

அது கூடப் பரவாயில்லீங்க. தலைவரானதும் அவங்க போட்ட மொதல் உத்தரவு, வரிசைக்கு அரை மணி நேரம். மூணு ஊடு இருக்கற கோயில் வரிசைக்கும் அரை மணி, பதினாலு ஊடு இருக்கற எங்களுக்கும் அரை மணி. அநியாயமில்லீங்களான்னு கேட்டன். “நீங்கதானுங்களே சொன்னீங்க, செனட்ல பெரிய மாநிலம் சின்ன மாநிலம் எல்லாத்துக்கும் ரெண்டே ரெண்டுன்னு.” அப்படீன்னுட்டு எங்கிட்டயே சிரிக்கறாங்க. சரியாத்தான் சொல்றாங்க.

ஏழரைக்குத்தான் எங்க வரிசை. பத்தாவது ஊடு புடிக்கறப்ப எட்டு மணி. எங்களுது பதினாலாவது. மூணு முறையா எங்க ஊட்டுக்கு ஒரு கொடம் வரலீங்க. மச்சான் ஊட்ல எரவல். ஒவ்வொரு கொடத்துக்கும் அந்தாளு, “மாப்ள, விஸ்கான்சின்ல மழையா?”ன்னு கேக்கறாரு. நாளைக்கு மக சரிதா சோலூர்ல இருந்து ஆறு மாசக் கொழந்தையோட வர்றா. கொழந்தைத் துணியே ஒரு நாளைக்கு ஒம்பது. இன்னிக்கு வெறுங்கொடத்தோட வந்தா அமெரிக்காவுக்கே போயிச் சோறு தின்னுக்குங்கன்னு சுகந்தி சொல்லிட்டா. அவ சும்மா சொல்றவ இல்லீங்க.

அதான் தம்பி, உங்களைத் தேடி வந்தன். ரெண்டு விசயம். ஒண்ணு, உங்க நேரத்துல எனக்கு ஒரே ஒரு கொடம். உங்க கொடம்னு சொல்லிப் புடிச்சுக் குடுத்துருங்க. அடுத்த வரிசை ஆளு கொடத்தை வெச்சா பாலாமணி அக்கட்டால எடுத்து வெச்சுருவாங்க. ரெண்டாவது, கொஞ்சம் பெரிய விசயம். உங்க மேல்வரிசை மூணுக்கு ரெண்டு. அந்த மூணுல ஒண்ணு, உங்களுக்கு முன்னால குடியிருந்த பரமசிவன். எப்படித் தெரியும்னா, ரகசியச் சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டான். அந்த ஓட்டு இப்ப உங்களுது. நீங்க எனக்குப் போட்டா மேல்வரிசை எம்பக்கம் திரும்பிரும். ஏழு புள்ளியும் எனக்கு. இருவத்திமூணுக்குப் பன்னெண்டு. இந்தச் சந்துலயே முக்கியமான ஆளு நீங்கதானுங்க. உங்களுக்கே தெரியாம இருக்கறீங்க.

அடுத்த தேர்தலா? இன்னும் மூணு வருசம் பதினோரு மாசம் இருக்குது. முன்னால வருசா வருசந்தான். நாலு வருசம்னு மாத்தினது... ஆமாங்க, அதுவும் நானுதான். அதனாலென்ன, அமெரிக்காவுல ரெண்டு வருசம் முன்னாலயே தொடங்கிருவாங்க. நானு அதுக்கும் முன்னால. அயோவான்னு ஒரு மாநிலம், தம்பி, சோளம் வெளையற ஊரு, அங்க மொதல்ல போயி...

என்னங்க, எங்கயோ பாக்கறீங்க? ஆயம்மா எங்க? புடிச்சுட்டுப் போயிட்டாங்களா. மனோகரனும் இல்ல. பாலாமணிம்மா, கொளாயை ஏனுங்க மூடறீங்க, இவரு மேல்வரிசைங்க, இன்னும் புடிக்கலை. ஆளு வராம ஓட விடக்கூடாதுங்களா. ஆறரை ஆயிருச்சா. ஒரு நிமிசந்தானுங்களே ஆச்சு. செரிங்க. செரி, சட்டம்.

நடுவரிசைக்குப் போயிருச்சுங்க தம்பி. இனி அஞ்சு நாள்ல வந்துரும். நானு உங்களுக்கு ஒரு கொடம்... எங்க ஊட்லயும் இல்லீங்க, சொன்னனே.

எங்க போறீங்க, இருங்க, அயோவா பாதில நிக்குது. அதா நடுவரிசைல மொதல் கொடம் பாலாமணியோடதுதான். அவங்க ஊட்டுக் கொடம். அதைத் தூக்கி உங்க கொடத்துல ஊத்தறாங்க. கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க தம்பி, சிந்துது.