கடிக்கு நான் எழுதுன மூணு பக்கம்

சண்டையா? அய்ய... சண்டையெல்லாம் இல்லீங்க தம்பி. எங்க மேசையில பேச்சே அந்தச் சத்தத்துலதான். நீங்க புதிர்ப்பெட்டி வாங்கதான வந்தீங்க, அது அந்தக் கடைசி அலமாரி. இருங்க, கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். காப்பி ஊத்தற வரைக்கும்தான்.

அட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்திருக்காரே, ஆர்ன், அவர்தான் ஆட்டத்த நடத்துறவர். மத்தவங்க ஆளுக்கொரு வேஷம், வேஷத்துக்கொரு சின்ன பொம்மை, கதை மாதிரி ஆடறது. பச்ச ஸ்வெட்டர் என் வீட்டுக்காரி, மார்லிஸ். பல்லக் காட்டிக்கிட்டு ஒரு தாள சத்தமா வாசிக்கிறான் பாருங்க, அவன் டெரில். எல்லாம் அவனாலதான்.

போன வருஷம் ஆட்டத்துல அவன் வேஷம் பாதி ரத்தக்காட்டேரி. அம்மா மனுஷி, அப்பன் காட்டேரி. கடிச்சா எதிரிக்கு எவ்ளோ அடியோ, அவ்ளோ உயிர்ப்புள்ளி இவனுக்கு ஏறும். விதிப் புத்தகத்துல நாலு வரிதான் போட்டிருக்கு. அந்த நாலு வரிய வச்சுக்கிட்டு இந்தப் புண்ணியவான் என்ன பண்ணான்? எலும்புக்கூட்டக் கடிச்சான் தம்பி! எலும்புக்கூடு! அதுல ஏதுய்யா ரத்தம்னா, "கடிக்கக் கூடாதுன்னு எங்கண்ணே போட்டிருக்கு?"ங்கறான். மறுவாரம் கதவக் கடிச்சான். கதவு!

நான் சும்மா இருக்கணுமா இல்லியா? பகல்ல கொதிகலன் ஃபேக்டரி, ராத்திரி காலேஜ்ல ரெண்டு வருஷம் சட்டப் பாடம். படிச்சத எங்கயாவது காட்டணுமே... உக்காந்து எழுதுனேன். மூணு பக்கம். ரத்தம் இருக்குறதத்தான் கடிக்கணும். ஒரு நாளைக்கு மூணு கடி. நாலாவது கடிச்சா வெறி ஏறிடும், எதிரி, கூட்டாளின்னு பாக்காது, கிட்ட யார் நிக்கிறாங்களோ அவங்க கழுத்துலதான் பல்லு. நடு ஆட்டத்துல விதிய மாத்தக் கூடாது. ஓட்டுப் போட்டோம், நாலுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு டெரில்.

கோவிச்சுக்கிட்டு அவன் ஆட்டத்துல பாதிரியார் வேஷத்துக்கு மாறிட்டான். காட்டேரிய யார் எடுத்தா? நான்தான். இவ்ளோ அழகா எழுதிட்டு யாரும் ஆடலன்னா வீணாப் போயிடுமே... அந்தப் பெருந்தன்ம.

இன்னிக்கு ஆட்டத்துல ஒரு பாலம். மறுபக்கம் ராட்சசன். பாலத்த மறிச்சு நான் மட்டும் நிக்கிறேன். நான் விழுந்தா அஞ்சு பேரும் காலி. மூணு கடியும் முடிஞ்சுது. உயிர்ப்புள்ளி எவ்ளோ மிச்சம்? ஒண்ணே ஒண்ணு. கடிச்சாத்தான் நிக்க முடியும். கிட்ட யாருன்னு அளவுகோல வச்சு அளந்துட்டான் டெரில், சந்தோஷமா.

மார்லிஸோட வில்லாளி. எனக்குக் காயத்துக்குக் கட்டுப் போடறேன்னு ஓடி வந்தவ! பதினோரு வருஷமா ஆடறா அந்த ஆள. அந்தச் சின்ன பொம்மைக்குக் கையால பெயின்ட் அடிச்சு, கண்ணுக்கு இமைகூட வரஞ்சிருக்கா. ஒரு கடி தாங்காது. செத்துரும்.

விதியக் கொஞ்சம் தள்ளி வைப்பமேன்னு கேட்டேன் தம்பி, மெதுவா. அதுக்குத்தான் அந்தக் கூச்சல். அவன் வாசிக்கிற தாள் எதுன்றீங்க? மூணாம் பக்கம். கீழ என் கையெழுத்து.

என்ன மார்லிஸ்?... என் முறையா?... என்னது?

அவ ஆளு முக்காட்ட எறக்கிட்டு கழுத்தக் காட்டி நிக்கிதாம். நல்லாக் கடின்றா. ஒரு வார்த்த திட்டல, பாத்தீங்களா? திட்டியிருந்தா தேவல. வீட்டுக்கு நாப்பது நிமிஷம் தம்பி, ரெண்டு பேருக்கும் கார் ஒண்ணுதான்...

வர்றேன், வர்றேன்.