கடைசி அறுபது சாக்கு

— சட்டையக் கழத்தாம அப்பிடியே நிக்கிய. கம்பெனியில என்ன சொன்னாவ?

— என்னை ஓவர்சியர் ஆக்கிட்டாவ, லீமா. கருமணல் கொண்டு வாற வண்டி, குளச்சல்ல இருந்து கப்பலுக்குப் போற வள்ளம், எல்லாம் இனி எனக்க பொறுப்பு.

— எனக்க தம்பியப் புதைச்சு மூணு நாளுதான் ஆவுது.

— தெரியும் பிள்ளே.

— அவன் செத்ததுக்கு உங்களுக்கு உத்தியோகமா?

— அப்பிடிச் சொல்லாத. பதினாலு வருசம் ஆச்சு. சாக்கு சுமந்தேன். பொறவு வண்டிக்காரனுவளுக்கு முறை வச்சுக் குடுத்தேன். அதுக்கப்புறம்தான் கரையில நின்னு வள்ளம் அனுப்புற மேஸ்திரி. எனக்க கையில ஒரு சாக்கு தவறினதில்ல.

— ஆளு தவறிட்டானே.

— நான் என்ன செய்ய?

— அண்ணைக்கு என்ன நடந்துன்னு ஊரே சொல்லுது. நீங்க சொல்லி நான் கேக்கல்ல. உக்காந்து சொல்லுங்க.

— காலையில கடலு நல்லாத்தான் இருந்து. வள்ளங்க போயிப் போயி கப்பல்ல ஏத்திட்டு வந்து. மத்தியானம் காத்து மாறிச்சு. கரையில அலை ஆளு உயரத்துக்கு எழும்பி மடங்குது. அறுபது சாக்குதான் பாக்கி. ஏற மாட்டோம்னு வள்ளக்காரனுவ துடுப்பைக் கீழ போட்டுட்டானுவ.

— எனக்க தம்பி சிலுவை?

— அவன் கொஞ்சம் பிந்தித்தான் வந்தான். வந்தான், ஏறினான். அவன் ஏறினதப் பாத்துட்டு இன்னும் நாலு பேரு ஏறினானுவ. வள்ளம் கவிழ்ந்தப்போ மத்தவனுவ நீந்திக் கரையேறிட்டானுவ. இவன் சாக்குக்கு அடியில மாட்டிக்கிட்டான்.

— அவன் ஏன் ஏறினான்னு உங்களுக்குத் தெரியுமா?

— எனக்க முகத்தப் பாத்துத்தான்.

— இல்ல.

— பின்ன?

— மத்தியானம் கஞ்சி குடிக்க இங்க வந்தான். அக்கா, கடலு சரியில்ல, இனி நான் போவமாட்டேன், மச்சானுக்கு ஆளு அனுப்பிச் சொல்லிருன்னான். நான் விடல்ல. வீட்டு ஆளு நீயே போவல்லன்னா வேற எவன் போவான், மச்சானுக்க வேலை போயிராதா, நாங்க எங்க போயி நிக்கன்னு கேட்டேன். பாதிக் கஞ்சியோட எந்திரிச்சுப் போயிட்டான்.

— இத நீ யாருட்டயும் சொல்லலியே?

— சொல்லல்ல. அவனுக்க பெண்டாட்டி ஞானசெல்வி இப்பதான் வந்துட்டுப் போனா. எனக்க மடியில கெடந்து அழுதா. கம்பெனி சொன்னா அண்ணன் என்ன செய்வாருன்னு உங்களுக்காகப் பேசுதா. நான் அவளுக்க தலையத் தடவிக் குடுத்துட்டு இருக்கேன்.

— அழாத, லீமா.

— ஞாயிற்றுக்கிழம பாவசங்கீர்த்தனம் செய்யணும். எனக்க தம்பிய நான்தான் கொன்னேன்னு சாமியாரிட்ட சொல்லணும். பொறவு போயி அவளுக்க காலுல விழணும்.

— நீ எங்கயும் போவாண்டாம்.

— உங்களுக்கு மேல இருந்து உத்தரவு வந்து. நீங்க அனுப்பினிய. எனக்கு யாரு உத்தரவு போட்டா? நானாத்தானே அவனை வெளிய தள்ளினேன்.

— லீமா, நான் சொல்லுறதக் கேளு. எனக்கு யாரும் உத்தரவு போடல்ல.

— என்ன சொல்லுதிய?

— முந்தின வள்ளத்துல கப்பல்காரன் ஒரு சீட்டு குடுத்து விட்டிருந்தான். கொண்டு வந்தவனுக்கு வாசிக்கத் தெரியாது. கம்பெனிக்கும் இதுவரைக்கும் தெரியாது. ஏத்தினது போதும், கடலு மோசம், பாக்கி அடுத்த கப்பலுக்கு ஆவட்டும்னு எழுதியிருந்து. ஒரு சாக்கு பாக்கியில்லாம ஏத்தினான்னு எனக்குப் பேரு வரணும்னு, அதை வாசிச்சு மடியில வச்சிட்டுத்தான் சிலுவைய ஏறச் சொன்னேன்.