ரெண்டு தர்ஷினி

இல்ல தினேஷ் சார், காபி அப்புறம். முதல்ல இந்த லிஸ்ட்டை, ரெண்டு தடவை பதிவான பேரை ஒண்ணாக்கற உங்க சாஃப்ட்வேர்ல போடுங்க. டெமோ லிஸ்ட் வேணாம், அதுல எல்லாமே அழகாத்தான் ஓடும். இது எங்க லேப் லிஸ்ட், போன மாசத்துது, நோட்டுலேருந்து எடுத்தது, போன் நம்பர் இருக்காது. பொறந்த குழந்தைங்களுக்குக் குதிகால்ல ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்ப்போமே, அது.

எனக்குக் கோடிங்லாம் வராது, ரிசப்ஷன்ல உக்கார்ற ஆளு. பிரசவ லீவு வேற. ஆனாலும் ரெண்டு கம்பெனியையும் கம்பேர் பண்ற வேலைய நானே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கினேன்.

நேத்து வந்த இன்னொரு கம்பெனியோடதா? ஐயோ, அழுமூஞ்சி ஸ்க்ரீன். ஆனா சந்தேகம் வந்தா நின்னு கேக்குது சார். ரெண்டு வரிலயும் ஒரே பேரு, ஒரே தேதி, ஆளு ஒண்ணா ரெண்டான்னு. உங்களுது கேக்கறதே இல்லியே! தானே ஒண்ணாக்கிட்டுப் பச்சை டிக் போட்டுடுது.

வேகம்தான், யாரு இல்லேன்னா? சிரிக்காதீங்க, இங்க பாருங்க. பொறந்த குழந்தைக்கு ஏது பேரு? அம்மா பேரைப் போட்டு, தர்ஷினி குழந்தைன்னு எழுதுவோம். அன்னிக்கு ஒரே ஆஸ்பத்திரில ரெண்டு தர்ஷினிக்குப் பிரசவம். ரெண்டும் பொண்ணு. உங்க ட்ரையல் ஓடின வாரம். ரெண்டு வரி ஒரே வரி ஆயிடுச்சு. மாத்திரை உடனே ஆரம்பிக்க வேண்டிய குழந்தை ஒரு தர்ஷினியோடது, வரில நிக்கற போன் நம்பர் இன்னொரு தர்ஷினியோடது. எங்க கான்வென்ட்ல ஒரே கிளாஸ்ல மூணு ஜூடித். சிஸ்டர் ரெண்டு பேரையா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க?

செட்டிங்ல மாத்தலாமா? மாத்துங்க, வேணாங்கல. எனக்கு அந்த அழிஞ்ச நம்பர் வேணும். பேக்கப்னு ஒண்ணு இருக்குமில்ல? மெயில்லாம் வேணாம், இப்பவே உங்க ஆஃபீசுக்குப் போன் போடுங்க. ஆஸ்பத்திரில கேட்டா கன்னடத்துல கொத்தில்ல, தெரியாதுங்கறாங்க. நோட்டுல நீலசந்திரான்னு ஏரியா மட்டும் எழுதியிருக்கு, தெரு இல்ல. நேத்து சாயங்காலம் அங்க பாதி வீட்டுக் கதவைத் தட்டிட்டேன்.

ஆர்டரா? அதுக்கு நான் உங்களைக் கூப்பிடல சார். ரிசல்ட் மோசம்னு போன் வந்தது என் நம்பருக்கு. ஆமா, நானும் தர்ஷினிதான். மூணு நாள் சோறு இறங்கல. திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, முந்தாநேத்து வந்துச்சு. என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. ராத்திரி பூரா கத்தறா.

இந்த நோய் இருந்தா குழந்தை அதிகம் அழாதாம், தூங்கிட்டே இருக்குமாம். டாக்டர் சொன்னாரு. அந்த இன்னொரு தர்ஷினிக்கு யாரும் போன் பண்ணல. என் பொண்ணு எவ்ளோ சமத்துன்னு அக்கம்பக்கத்துல சொல்லிட்டிருப்பா சார், பாவம்.